எந்த விடுமுறைக்கு எந்தத் தீவு: கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு பருவக் கணக்கு

ஆனி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வலுத்ததும் உடுமலை, கேத்தனூர்ப் பக்கத்துக் காற்றாலைகள் இராப்பகலாகச் சுழலத் தொடங்கும். அதே நாட்களில் வால்பாறையில் மழை விடாமல் கொட்டும். அதற்கு மேலுள்ள சின்னக்கல்லாறு தென்னிந்தியாவிலேயே மிகுதியான மழை பெறும் இடங்களில் ஒன்று. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, ஆழியாறு, பொள்ளாச்சி தாண்டிப் பல்லடம் வந்து சேர்ந்தால், புழுதியை வாரி இறைக்கும் காற்று இருக்கும், மழை இருக்காது. ஒரே காற்று மலையின் ஒரு பக்கத்தில் மழையாகவும் மறுபக்கத்தில் வறண்ட வீச்சாகவும் மாறுகிறது என்பதை நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும் என்று மேற்கே பார்த்துக்கொண்டிருக்கும் எந்த விவசாயிக்கும் அது தெரியும். தீவுப் பயணத்துக்கு மாதம் தேர்ந்தெடுக்க இந்த அறிவே போதும் என்பதும், நம்மவர்கள் அதைப் பயன்படுத்தாமல் விளம்பரத்தில் உள்ள மாதத்தை நம்பிப் பணம் கட்டிவிடுகிறார்கள் என்பதும் என் எண்ணம்.

எங்கள் குடும்பத்தில் மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு தீவுக்குப் போவது என்று முடிவாகி, எந்தத் தீவு, எப்போது என்பது மட்டும் முடிவாகாமல் சில மாதங்களாக இழுத்துக்கொண்டிருந்தது. சோமனூர்ப் பக்கம் தறிக்கூடம் வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவிர ஓய்வு கிடையாது. ஆசிரியையாக இருக்கும் என் தங்கைக்குப் பள்ளி நாட்காட்டிதான் பஞ்சாங்கம். எண்பது வயதை நெருங்கும் அம்மிச்சிக்கோ, தீவு எதுவானாலும் அங்கே ஒரு கோயில் இருக்க வேண்டும். குறிப்பாகச் சொன்னால், யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தனின் தேரைப் பார்க்க வேண்டும். எதிரே இருந்த தேர்வுகள் அந்தமான், இலங்கை, மாலத்தீவு என்ற மூன்று. நான்காவதாக இலட்சத்தீவும் பேச்சில் வந்து போனது. அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தபோது தெரிந்தவற்றை, இதே குழப்பத்தில் இருக்கும் பிற குடும்பங்களுக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான வழிகாட்டுதலை நீக்கிவிட வேண்டும். வெப்பமண்டலத் தீவுகளுக்குச் சிறந்த பருவம் டிசம்பர் முதல் மார்ச் வரை என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் அது பொய்யில்லை. ஆனால் பனி கொட்டும் நாட்டிலிருந்து வெயிலைத் தேடி ஓடி வருகிறவர்களுக்காக எழுதப்பட்ட கணக்கு அது. மார்கழியிலும் தையிலும் கோவையின் காலை நேரத்தைவிட இதமான வானிலை எந்தத் தீவிலும் கிடைக்காது. அந்த மாதங்களில் ஊரை விட்டுப் போவதே ஒரு வகையில் இழப்புதான். நமக்கு வெளியே போகத் தோன்றுவது ஈரோடும் கரூரும் நாற்பது டிகிரியைத் தொடும் சித்திரையில். அப்போது தீவுகளில் பகல் வெப்பம் பெரும்பாலும் 32, 33 டிகிரியைத் தாண்டுவதில்லை என்றாலும், வறண்ட காற்றுக்குப் பழகிய நம் உடம்புக்குக் கடலோரப் புழுக்கம் அதைவிடக் கடுமையாகத் தெரியும். எனவே வெப்பமானியைப் பார்த்துத் தீவைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒன்றுதான். மாறுவது காற்றின் திசை. மழையைக்கூட ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம், ஒரு மணி நேரம் பெய்து ஓய்ந்துவிடும். காற்று நேராக வந்து மோதும் கரையில் கடல் கொந்தளித்தால், குளிக்கவும் முடியாது, படகேறவும் முடியாது, கலங்கிய நீரில் பவளப்பாறையைப் பார்க்கவும் முடியாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மூன்று தீவுகளுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு மலையில் இருக்கிறது. இலங்கையின் நடுவே 2524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலையைக் கொண்ட மலைத்தொகுதி நிற்கிறது. அந்தமானில் மிக உயர்ந்த சேடில் சிகரமே சுமார் 730 மீட்டர்தான், தீவும் ஒடுக்கமானது. மாலத்தீவில் மலை என்ற பேச்சே இல்லை. ஒரு தென்னை மரத்தின் உயரம்கூட நிலத்துக்கு இல்லை. மலை உள்ள தீவில் ஒரு கரை நனையும்போது மறு கரை காயும். மலை இல்லாத தீவில் மழைக்காலம் என்றால் எல்லா இடத்துக்கும் மழைக்காலம்தான். இடம் மாறித் தப்பிக்க வழியில்லை. விடுமுறையைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள முடிந்தவருக்கு இது பெரிய செய்தியல்ல. பள்ளியும் தறியும் நாளைக் குறித்துக் கொடுக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதுவே முதன்மையான செய்தி.

இலங்கையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலி, இரத்தினபுரி ஆகிய பகுதிகளையும் மலையகத்தின் மேற்குச் சரிவுகளையும் நனைக்கிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அது ஈரமிழந்து, பல்லடத்துக் காற்றைப் போலவே வறண்டு வீசுகிறது. கிழக்கிலங்கைத் தமிழர்கள் இதைக் கச்சான் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் சோளகம் என்று பெயர். திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பை ஆகிய கரைகளுக்கு இதுதான் நல்ல காலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும்போது நிலைமை தலைகீழாகிறது. கிழக்குக் கரை மழையிலும் அலையிலும் மூழ்க, காலி, உனவட்டுன, மிரிஸ்ஸ ஆகிய தெற்குக் கரைகள் அமைதியடைகின்றன. திமிங்கிலம் பார்க்கப் படகில் போகிறவர்கள்கூட இந்தக் காற்றைப் பின்தொடர்ந்தே இடம் மாறுகிறார்கள்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸ, மே முதல் ஆகஸ்ட் வரை திருகோணமலை. அந்நாட்டு உழவர்களின் பெரும்போகம், சிறுபோகம் என்ற பிரிவும் இந்த இரண்டு பருவமழைகளை ஒட்டி அமைந்ததுதான். நம் ஊரில் ஆடிப்பட்டம், புரட்டாசிப்பட்டம் என்று விதைப்பைப் பிரிப்பவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் இந்த இரட்டைக் கரைக் கணக்குக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒரு பருவக்காற்று ஓய்ந்து மற்றொன்று நிலைபெறும் இடைவெளியில் தீவு முழுவதும் மழை பெய்கிறது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுகளும் புயல்களும் தோன்றுவது அப்போதுதான். மட்டக்களப்பைச் சிதைத்த புயல் 1978 நவம்பரில் வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கரையேறியபோது, காற்றைவிட மலையகத்தின் நிலச்சரிவுகளும் வெள்ளமும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயின. அந்த நாட்களில் கிழக்கு, மேற்கு என்ற வேறுபாடு யாருக்கும் உதவவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கப்பட்டு, வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி அதே மாதத்தில் நிறுத்தப்பட்டது. அக்டோபரில் கடல் பயணத்தைத் தொடங்கலாம் என்று யார் நாள் குறித்தார்களோ, அவர்கள் ஊரில் ஐப்பசி அடைமழை என்ற சொல் வழக்கில் இல்லை போலும்.

அந்தமானுக்கு வருவோம். ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கோவை நகரத்தின் மழையைப் போல நான்கு மடங்குக்கும் மேல். இந்தியாவுக்குள் தென்மேற்குப் பருவமழை முதலில் கால் வைப்பது அங்கேதான். கேரளத்துக்கு ஜூன் தொடக்கத்தில் வரும் மழை அந்தமானை மே மூன்றாம் வாரத்திலேயே தொட்டுவிடும். பிறகு வடகிழக்குக் காற்றும் தன் பங்குக்கு நனைப்பதால் மழைக்காலம் நவம்பர் வரை நீள்கிறது. நம்பிப் போகக்கூடிய காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, சற்று நீட்டினால் மே முதல் வாரம் வரை. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கடல் கண்ணாடி போல இருக்கும். ஸ்கூபா செய்கிறவர்கள் அந்த மாதங்களையே கேட்டு வாங்குகிறார்கள். அதே மாதங்களில் நம் வீடுகளில் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருக்கும் என்பது நம் தலைவிதி.

அந்தமானில் வானிலை என்பது கப்பலையும் சேர்த்துத்தான் கணக்கிடப்பட வேண்டும். அழகுக்குப் பேர்போன ராதாநகர் கடற்கரை இருக்கும் ஸ்வராஜ் தீவுக்கு, அதாவது பழைய ஹேவ்லாக்குக்கு, கடல் வழியாகத்தான் போக வேண்டும். காற்று வலுத்தால் படகுகள் நின்றுவிடும். 2016 டிசம்பரில் வர்தா புயல் உருவான நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் அந்தத் தீவுகளில் சிக்கிக்கொண்டு, கடற்படையின் உதவியுடன் மீட்கப்பட்டார்கள். நல்ல பருவத்தில் போனாலும், ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை ஸ்ரீ விஜயபுரத்திலேயே கழிக்கும்படி திட்டமிடுவது அறிவுடைமை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருந்தும் இந்திய நேரத்தையே பின்பற்றுவதால், டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. காலை பத்து மணிக்குச் சோம்பல் முறித்துக் கிளம்பும் குடும்பத்துக்குப் பாதி நாள் வீணாகும். மற்றபடி பாஸ்போர்ட் தேவையில்லை, கடைத்தெருவில் தமிழ் செல்லும், முதல்முறை கடல் கடப்போருக்கு அச்சமில்லாத இடம்.

மாலத்தீவின் கணக்கு எளிமையானது. நம் குடும்பங்களுக்கு ஒத்துவராததும் கூட. டிசம்பர் முதல் மார்ச் வரையுள்ள வறண்ட வடகிழக்குக் காலத்தை அவர்கள் இருவய் என்றும், மே முதல் நவம்பர் வரையுள்ள ஈரமான தென்மேற்குக் காலத்தை ஹுல்ஹங்கு என்றும் அழைக்கிறார்கள். இருவய் காலத்தில், குறிப்பாகக் கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டி, ஐரோப்பியர்களின் வருகையால் விடுதிக் கட்டணம் உச்சத்தைத் தொடும். மழைக்காலத்தில் கட்டணம் கணிசமாகக் குறையும்; அந்தக் குறைந்த விலையைக் காட்டித்தான் நம் ஊரில் சித்திரை கடைசியிலும் வைகாசியிலும் தேனிலவுத் தொகுப்புகளை விற்கிறார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். நாள் முழுவதும் சாரல் அடித்தாலும் போய் ஒதுங்குவதற்கு மலையோ ஊரோ இல்லாத ஒரு சிறு மணல்திட்டில் நான்கு நாட்கள் இருக்க வேண்டியிருக்கும். புதுமணத் தம்பதியருக்கு அது குறையாகத் தெரியாமல் போகலாம். பதினொரு பேர் கொண்ட குடும்பத்துக்கு, அதிலும் மூன்று பிள்ளைகள் இருக்கும்போது, அது தண்டனை. மழைக்காலத்தில்தான் கிடைக்கும் ஒரு காட்சி அங்கே உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது: பா பவளத்தீவுக் கூட்டத்தின் ஹனிபாரு விரிகுடாவில் தென்மேற்குக் காற்று கடல்நுண்ணுயிர்களைக் கொண்டு வந்து குவிப்பதால், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மாபெரும் மந்தா திருக்கைகள் கூட்டமாக உண்ண வருகின்றன. அதற்காகவே போகிறவருக்கு மழை ஒரு பொருட்டல்ல.

இலட்சத்தீவு கொச்சியிலிருந்து போகும் வழி என்பதால் நமக்கு மிக அருகில் இருக்கிறது. கோவையிலிருந்து காரில் ஐந்து மணி நேரத்துக்குள் கொச்சி. ஆனால் நுழைவு அனுமதி வாங்க வேண்டும், கப்பலில் இடம் அரிது, மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை கடல் மூடியதற்குச் சமம். 2021 மே மாதத்தில் டவ்தே புயல் அந்தத் தீவுகளுக்கு அருகிலேயே உருவாகி வடக்கே போனது நினைவிருக்கலாம். பெரிய குடும்பத்துக்கு இது சரிவராது என்று நாங்கள் ஒரே மாலையில் ஒதுக்கிவிட்டோம்.

இனி விடுமுறைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். தீபாவளியில் தொடங்குகிறேன், ஏனென்றால் திருப்பூரிலும் சோமனூரிலும் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விட, முதலாளிமார் தொடர்ந்து ஒரு வாரம் ஓய்வாக இருப்பது அப்போதுதான். பெரும்பாலான தவறான பயணங்களும் அப்போதுதான் நடக்கின்றன. அந்த வாரத்தில் இலங்கை முழுவதும் மழை, அந்தமானில் மழை ஓயாது, மாலத்தீவில் ஈரக்காலம் முடிந்திருக்காது. நமக்கு மட்டும் கோவையில் மழை விட்டுவிட்டுப் பெய்து வானம் தெளிவதால், எங்கும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றிவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு தீபாவளிக்கு அந்தமான் போன மாப்பிள்ளை, ஐந்து நாட்களில் மூன்றை விடுதி அறையில் சீட்டாடிக் கழித்துவிட்டு வந்தார். பயண ஏற்பாட்டாளர் அவரிடம் சொன்ன விளக்கம், "மழையிலும் ஒரு அழகு இருக்குதுங்க" என்பது. தீபாவளி விடுமுறைக்குத் தீவு வேண்டாம் என்பதே என் உறுதியான முடிவு. அந்த வாரத்துக்கு இராஜஸ்தானோ குஜராத்தோ பொருந்தும்.

அரையாண்டு விடுமுறைக்கு, அதாவது டிசம்பர் கடைசி வாரத்துக்கு, இலங்கையின் தெற்குக் கரையும் அந்தமானும் ஓரளவு பொருந்தும். இரண்டும் முழு நிச்சயம் அல்ல. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில்தான் வந்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள், மார்கழி பிறந்துவிட்டால் கடல் அடங்கிவிடும் என்று சொல்ல மாட்டார்கள். விலையும் எல்லா இடத்திலும் அப்போது உச்சம்.

பொங்கல் விடுமுறையில் வானிலையைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை: அந்தமான், காலி, மாலத்தீவு மூன்றும் நல்ல நிலையில் இருக்கும். தவிர்க்க வேண்டியது இலங்கையின் கிழக்குக் கரை மட்டும். 2011 ஜனவரியில் மட்டக்களப்புப் பகுதி பெருவெள்ளத்தில் மூழ்கியது. குறை நாட்களில் இருக்கிறது. நான்கைந்து நாள் விடுப்பில், கோவையிலிருந்து சென்னை போய் அந்தமான் விமானம் பிடித்து, அங்கிருந்து படகேறித் திரும்பினால் பயணமே பாதியைத் தின்றுவிடும். அத்துடன் மாட்டுப்பொங்கல் அன்று பட்டியில் ஆள் இல்லாமல் போவதை எங்கள் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

முழு ஆண்டு விடுமுறையே உண்மையான போட்டிக்களம். ஏப்ரல் கடைசி வாரம் என்றால் அந்தமானும் இலங்கையும் சமமாக நிற்கின்றன. அந்தமானில் பருவமழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, இலங்கையில் கிழக்குக் கரைக் கடல் அமைதியடைந்திருக்கும், மாலையில் எப்போதாவது இடிமழை பெய்தால் உண்டு. இலங்கைக்குப் போவதானால் ஏப்ரல் 13, 14-ஐ ஒட்டிய புத்தாண்டு நாட்களை விட்டுவிட வேண்டும். கடைகள் அடைத்திருக்கும், நுவரெலியாவில் அந்நாட்டவரின் கூட்டமே தாங்காது. மே பத்தாம் தேதிக்கு மேல் தள்ளினால் தராசு முழுவதுமாக இலங்கைப் பக்கம் சாய்கிறது. அந்தமானில் மே மாதப் பயணம் சூதாட்டமாகிவிட, திருகோணமலையின் நல்ல காலமோ அப்போதுதான் தொடங்குகிறது. வெயில் 34, 35 டிகிரிக்குக் குறையாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்குக் காலை எட்டு மணிக்குப் படகேறி, பதினொரு மணிக்குள் கரை திரும்பிவிடுவது நல்லது.

காலாண்டு விடுமுறையைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் சில நாட்களிலும் கிழக்குக் கரை இன்னும் வறண்டிருக்கும். மின்னேரியா குளத்தின் நீர் வற்றி வெளிப்படும் புல்வெளியில், ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நூற்றுக்கணக்கான யானைகள் திரள்கின்றன. அந்தத் திரட்சியின் கடைசிப் பகுதியைப் பார்த்துவிடலாம். வெளிநாட்டார் கூட்டம் குறைவு, விலையும் குறைவு. பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் இருப்பதால் முழு ஆண்டு விடுமுறையே மிஞ்சியது. ஏப்ரல் 24 முதல் ஏழு நாட்கள், திருச்சியிலிருந்து கொழும்பு, அங்கிருந்து வேனில் திருகோணமலை என்று முடிவாகியிருக்கிறது. தறியை ஒரு வாரம் மேஸ்திரியிடம் விடுவதற்கு மாப்பிள்ளை முனகிக்கொண்டே சம்மதித்தார். கோணேசர் கோயில் பயணத்தில் இருக்கிறது என்றதும் அம்மிச்சி கொஞ்சம் இறங்கி வந்தாலும், நல்லூரை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தத் திருவிழா ஆடி அமாவாசைக்குப் பின் கொடியேறி இருபத்தைந்து நாட்கள் நடப்பது. அப்போது யாழ்ப்பாணத்தில் சோளகம் வீசும், மழை இருக்காது, அவர் வயதுக்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது. பள்ளி நடக்கும் நாட்கள் என்பதால் பிள்ளைகள் வர முடியாது. ஆகவே அவரையும் என் சித்தியையும் மட்டும் சென்னையிலிருந்து விமானத்தில் நேரே யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவது என்று தனியாக ஒரு ஏற்பாடு நடக்கிறது. இரண்டு பயணத்திலும் பெயர் இருக்கும் ஒரே ஆள் அவர்தான்; பாஸ்போர்ட்டுக்கான போட்டோவுக்கு எந்தச் சேலை கட்டுவது என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.